மருமகன் வைத்த குழம்பு

டோக்கியோவில் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு அருகே நாகமுராயா என்றொரு பழைய கடை இருக்கிறது. ரொட்டிக் கடையாகத் தொடங்கியது. அங்கே 1927 முதல் கோழிக் குழம்பும் சோறும் பரிமாறுகிறார்கள். பெண் கொடுத்த ஜப்பானியக் குடும்பமும் ஊர் திரும்ப முடியாத வங்காள மாப்பிள்ளையும் உறவாகிக் கலந்த கதை அந்தக் குழம்பில் இருக்கிறது.

மாப்பிள்ளை, ராஷ் பிஹாரி போஸ். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்டதே, அந்த வழக்கில் தேடப்பட்டவர். 1915இல் ரவீந்திரநாத் தாகூரின் உறவினர் என்று சொல்லி, பொய்ப் பெயரில் கப்பலேறி ஜப்பான் போய்ச் சேர்ந்தார். பிரிட்டன் நெருக்கியதால் ஜப்பான் அரசு அவரை வெளியேறச் சொன்னது. பத்திரிகையில் அதைப் படித்து மனம் பொறுக்காமல் அடைக்கலம் தர முன்வந்தவர், நாகமுராயாவின் முதலாளி சோமா ஐசோ. கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக்கூடத்தில் போஸை ஒளித்துவைத்தார்கள். ஐசோவின் மனைவி கொக்கோவுக்கு ஆங்கிலம் தெரியும். ஜப்பானிய மொழி அறியாத விருந்தாளிக்கு அவர்தான் பேச்சுத் துணை.

அந்த வீட்டுக்கு அந்நியர்கள் புதிதல்ல. சிற்பி ஓகிவாரா மோரியே முதல் ஓவியர் நாகமுரா ட்சுனே வரை பலர் அங்கே பழகியவர்கள். கண்பார்வையற்ற ரஷ்யக் கவிஞர் எரோஷென்கோவும் பின்னால் அங்கே தங்கினார்.

வெளியேற்றும் உத்தரவு தளர்ந்த பிறகும் உளவாளிகளின் தொல்லை ஓயவில்லை. போஸ் வீடு மாற்றி வீடு மாறிக்கொண்டிருந்தார். கூடவே இருந்து காக்க ஒரு மனைவி வேண்டும் என்று, அவருக்கு ஆதரவாக நின்ற ஜப்பானிய தேசியவாதத் தலைவர் தோயாமா மிட்சுரு யோசனை சொன்னார். சோமா வீட்டு மூத்த மகள் தோஷிகோ சம்மதித்தார். 1918இல் ரகசியமாகத் திருமணம் நடந்தது. ஒளிந்து வாழும் குடித்தனத்துக்குத் தெரிந்தே போன அந்தப் பெண்ணின் துணிச்சல், போஸின் துணிச்சலுக்குக் குறைந்ததில்லை. ஒரு மகன், ஒரு மகள். 1923இல் போஸ் ஜப்பானியக் குடிமகனானார். 1925இல் தோஷிகோ இறந்தார். தாயில்லாப் பிள்ளைகளுக்குப் பாட்டி வீடு துணையானது.

இப்படிப்பட்ட திருமணங்களில், வந்தவர் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். கற்க நிறையவே உண்டு. ஜப்பானிய வீடுகளில் ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம், ஆளுக்கொரு ஜோடிக் குச்சி. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்புகளை அப்படித்தான் எடுப்பார்கள். உடம்பைக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும், ஏனென்றால் அதே வெந்நீரில்தான் அடுத்தவரும் குளிப்பார். ஆனால் பெண் வீட்டார் என்ன கற்றார்கள் என்பதும் முக்கியம். அதற்கு சோமா குடும்பமே சாட்சி.

ஜப்பானுக்குக் கறி பிரிட்டிஷார் வழியாகப் போயிருந்தது. மசாலாப் பொடியில் கோதுமை மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு அது. இந்தியச் சமையல் இப்படியா அறியப்பட வேண்டும் என்று போஸுக்கு வருத்தம். கடையோடு சேர்த்து ஐசோ உணவகம் திறக்கத் திட்டமிட்டபோது, உண்மையான இந்தியக் குழம்பைப் போடலாம் என்றார் மருமகன். மாமனார் ஒப்புக்கொண்டார். 1927 ஜூன் 12 அன்று எலும்போடு வெந்த கோழிக் குழம்பு மேசைக்கு வந்தது. எரோஷென்கோவின் நினைவாக ரஷ்ய போர்ஷ் சூப்பும் அன்றைக்கே வந்தது.

மற்ற கடைகளில் 10, 12 சென் விற்ற கறி இங்கே 80 சென். ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். நீள அரிசிச் சோறு மட்டும் ஜப்பானியர் நாக்குக்கு ஒத்துவரவில்லை. உடனே சைதாமா பகுதியின் ஷிரோமே அரிசிக்கு மாறினார்கள். நல்ல கோழிக்காகச் சொந்தப் பண்ணையே வைத்தார் ஐசோ. மருமகன் சொல்லுக்கு ஒரு மாமனார் இதைவிட என்ன மதிப்புத் தர முடியும்?

ஜப்பானில் குடியேறிய பிறகும் விடுதலைப் போராட்டத்தைக் கைவிடாத ராஷ் பிஹாரி, 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த இயக்கம் அது. 1945 ஜனவரியில் டோக்கியோவில் அவர் காலமானார். அதே ஆண்டு ஒகினாவா போரில் மகன் மசஹிதேயும் இறந்தார். மகள், மருமகன், பேரன் மூவரையும் இழந்த ஐசோவும் கொக்கோவும் 1950களின் நடுப்பகுதி வரை வாழ்ந்தார்கள். கடை அந்தக் குழம்பைக் கைவிடவில்லை. ஷின்ஜுகுவில் அதைச் சுடச்சுடச் சாப்பிடலாம். சூடாக்கிச் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் பொட்டலமாகவும் வாங்கிப் போகிறார்கள்.