ஒரு விரற்கடைக் கடல்

கோடியக்கரைக் கடலோரத்தில், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் காட்டும் இடிபாடு ஒன்று உண்டு. மிஞ்சியிருந்ததையும் 2004 ஆழிப்பேரலை சாய்த்துவிட்டது. அதிலிருந்து தண்ணீர் விளிம்புவரை எட்டு வைத்து அளந்து பார்த்தேன். ஓதம் ஏறும்போது ஒரு கணக்கு, வற்றும்போது வேறொரு கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வந்தால் கரையே வேறு உருவில் இருக்கும். கடல் ஏறியிருக்கிறதா என்ற கேள்விக்கு ஒருநாள் அளவு பதில் தராது. நகராத ஓர் அடையாளமும், திரும்பத் திரும்ப அங்கேயே வந்து அளக்கும் ஆளும் வேண்டும்.

இமயத்துப் பனியாறுகளை அளப்பவர்களுக்கும் இதே பாடுதான். கங்கோத்ரி பனியாற்றின் முகப்பான கோமுகத்தை 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜே.பி. ஆடன் வரைபடமாக்கினார். அந்தப் படம் கையில் இருந்ததால்தான், 1996 வரை முகப்பு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 19 மீட்டர் பின்வாங்கியது என்று பின்வந்தவர்களால் சொல்ல முடிந்தது. அப்புறம் வேகம் குறைந்தது. அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. முகப்பு வெறும் நுனி. கல்லும் மண்ணும் மேலே போர்த்திக் கிடந்தால் நுனி நின்ற இடத்திலேயே நிற்கும். உடம்பு மெலிந்துகொண்டே போகும். கரை இருக்கிறது என்பதற்காக ஏரி நிறைந்திருக்கிறது என்று சொல்வோமா?

மெலிவை அறிய மேலே ஏறியாக வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் லாகுல்-ஸ்பிதியில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றை 2002 முதல் ஆண்டுதோறும் அளக்கிறார்கள். நீராவியால் பனியில் துளையிட்டு, மூங்கில் கழிகளை ஆழமாக இறக்கிவிட்டு வருவார்கள். மறு ஆண்டு போனால் உருகிய அளவுக்குக் கழி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உயரத்தில் குழி தோண்டி, அந்த ஆண்டு சேர்ந்த பனியையும் கணக்கெடுப்பார்கள். வரவு, செலவு, இருப்பு. இந்த வேலையில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஏ.எல். ராமநாதன். 1990-களில் காவிரி முகத்துவார நீரின் வேதியியலை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. நம் கடைமடைத் தண்ணீரைச் சோதித்தவர் அந்தக் குளிரிலும் கணக்கெடுத்தார் என்பதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

கழி ஊன்ற முடியாத மலைகளுக்குப் பழைய உளவுப் படங்கள் உதவின. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்தவை அவை. அவற்றோடு புதிய படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இமயத்தின் சுமார் 650 பனியாறுகளில், 2000-க்குப் பிந்தைய இழப்பு அதற்கு முந்தைய கால் நூற்றாண்டின் வேகத்தைப்போல் இரு மடங்கு.

காவிரிக்குப் பனி இல்லை; அது மழையாறு. டெல்டாக்காரருக்கு இந்தக் கணக்கு வந்து சேர்வது கடல் வழியாக. 2000 முதல் 2023 வரை உலகின் மலைப் பனியாறுகள் இழந்த பனி கடல் மட்டத்தை 18 மில்லிமீட்டர் உயர்த்தியிருக்கிறது. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்படலங்கள் இதில் சேரவில்லை. 18 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு விரற்கடை. ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள தரையில் ஒரு விரற்கடை நீர் ஏறினால் 18 மீட்டர் உள்ளே வரும். தட்டையான நம் கடலோரத்தில் அது முதலில் வடிகால் வாய்க்காலில் தெரியும்; மழைநீர் கடலுக்குப் போகத் திணறும், உவர்நீர் மேலேறும்.

ஆனால் இங்கே கரை எல்லா இடத்திலும் தேய்வதில்லை. வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள மணல்மேடுகள் பழைய கடற்கரைகள். நிலம் வளர்ந்த தடயங்கள். தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2016 வரையிலான படங்களை ஒப்பிட்டபோது, இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிபட்டிருந்தது; 29 சதவீதம் வளர்ந்திருந்தது. ஒரே இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுகிறவர் மலையிலும் ஏமாறுவார், கரையிலும் ஏமாறுவார்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் நீராடக் கூட்டம் கூடுகிறது. அமாவாசையில் ஓதமும் பெரிது. மேட்டில் ஒரு கல்லை நட்டு, ஆண்டுதோறும் அந்த இரு நாள்களில், ஓதம் உச்சத்தில் இருக்கும்போது, தண்ணீர் எதுவரை வந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுதி வைக்கலாம். வரும் தை அமாவாசையிலேயே தொடங்கலாம்.