ஓட்டை வழியே வந்த பிறை

2019 டிசம்பர் 26, சூரிய கிரகணக் காலை. எங்கள் வளவு மாமரத்தடியில் நிலமெல்லாம் பிறைகள். "வாப்பா, இதென்ன இத்தின பிறை?" எண்டு மகள் கேட்டாள்.

965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமை 'கெமராவின் தந்தை' எண்டு மேடைகளில் புகழ்ந்துவிட்டுப் போகிறோம். அவர் கேட்ட கேள்வியைச் சொல்வதில்லை. கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். சிறு துவாரத்தினூடே பிறையாக விழும் கிரகண ஒளி, துவாரம் பெரிதானால் வட்டமாகி விடுகிறதே, ஏன்?

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. அதனால் துவாரத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் பங்குக்கு ஒரு பிறையைச் சுவரில் போடும். ஊசித் துவாரமென்றால் அத்தனையும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகவே விழும், விளிம்பு தெளிவாயிருக்கும். துவாரம் அகன்றால் அவை தள்ளித் தள்ளி விழுந்து பிறையின் குழியை நிரப்பிவிடும். வெளிச்சம் கூடும், உருவம் கரையும். மிக நுண்ணிய துவாரத்திலோ ஒளி அலையாகப் பரவி மறுபடி மங்கும்; அது பிற்காலத்தார் கண்டது.

மகளுக்கு அட்டையில் ஊசியால் குத்தி, ஒரு முழத் தூரத்தில் மதிலில் காட்டினேன். தலைகீழாய் ஒரு குட்டிப் பிறை. பென்சிலை நுழைத்து அகட்டினாள்; வட்டமாகிவிட்டது.