சுலபமாக ஜெயித்தால் சுவாரசியம் இல்லையா?

திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் கால்பந்து மாட்ச் முடிந்து கூட்டம் கலையும்போது, கூடவே சற்று நடந்து பாருங்கள். சொந்த அணி தோற்ற நாளாக இருந்தால் தம்பானூர் வரை காரசாரமான பேச்சுதான். ரெப்ரி முதல் கோச் வரை ஒருவரும் தப்ப முடியாது. ஒரே கோலில் தப்பிப் பிழைத்த நாளாக இருந்தால், அந்த ஒரு கோலை ஆளுக்கு ஒரு விதமாக நடுரோட்டில் காலை வீசி அடித்துக் காட்டுவார்கள்.

ஆனால் அலட்டிக்கொள்ளாமல் மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்த நாளில்? "ஜெயிச்சாச்சு, சரி" என்பதோடு பேச்சு அடங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்து டீக்கடையில் குறைகள் ஆரம்பமாகும்.

"அஞ்சு அடிச்சிருக்கணும் அண்ணாச்சி. ரெண்டு சான்ஸை அநியாயமா விட்டுட்டானுவ."

"எதிர்த்து ஆடுனது யாருடே? பந்தே கண்டிராத பயலுவ. இதிலே ஜெயிச்சு என்ன பெருமை?"

"இதே ஆட்டத்தை அடுத்த வாரம் ஆடினா நாலு வாங்கிட்டு வருவாங்க சார், பாருங்க!"

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவரானாலும் சரி, ஸ்டாச்சு பக்கம் ஆபீசில் பைல் தள்ளும் குமாஸ்தாவானாலும் சரி, இந்த விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. சுலபமான வெற்றிக்கு மதிப்பே இல்லை! கஷ்டப்பட்டு வந்தால்தான் அது வெற்றி.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப்பக்கம் கால்பந்து என்றாலே நெடுங்காலம் 'நாக்-அவுட்' போட்டிதான். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அறுவடை முடிந்த வயலில் நடக்கும் மலபார் 'செவன்ஸ்' முதல் கோயில் திருவிழாவையும் மாதா கோயில் திருநாளையும் ஒட்டி நடக்கும் கோப்பைகள் வரை அப்படித்தான். அங்கே முதல் சுற்று வெற்றியை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? இறுதி ஆட்டம்தான் மனதில் நிற்கும்.

லீக் போட்டி அப்படியல்ல. அது சிட்டுப் பிடிப்பது போல. மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டே வரவேண்டும். கடைசித் தவணையைக் கையில் பணம் கொழிக்கும்போது கட்டினீர்களா, கடன் வாங்கிக் கட்டினீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு தவணை தவறினால் கணக்கில் தெரியும். ஜெயித்தால் 3 புள்ளி, சமன் செய்தால் 1 புள்ளி. நாலு கோல் வித்தியாசமானாலும் மூன்றுதான், கடைசி நிமிடத்தில் தட்டுத் தடுமாறி அடித்த கோலானாலும் மூன்றுதான். இங்கிலாந்தில் வெற்றிக்கு 3 புள்ளி என்ற முறை வந்தது 1981-ல். உலகக் கோப்பைக்கு அது வந்தது 1994-ல். அதற்கு முன் வெற்றிக்கு இரண்டே புள்ளிதான். புது முறையில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைச் சமன் செய்து தொலைத்தால், போவது இரண்டு புள்ளி.

கோவையில் நடந்த கதை

வெறும் கணக்கு என்று நினைப்பவர்களுக்காக ஓர் உண்மைச் சம்பவம். 2018 அக்டோபர் 26-ந் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் தொடக்க ஆட்டம். சென்னை சிட்டி அணிக்கும் இந்தியன் ஆரோஸ் அணிக்கும் மோதல். ஆரோஸ் என்பது அகில இந்திய கால்பந்து சம்மேளனம் வளரும் பையன்களைப் பழக்குவதற்காக நடத்திவந்த அணி. சென்னை சிட்டி 4-1 என்று ஜெயித்தது. உருகுவே நாட்டுக்காரரான பெட்ரோ மான்சி தனியாக மூன்று கோல் போட்டார்.

அன்று இதைப் பெரிதாகப் பேசியவர் எத்தனை பேர்? "சின்னப் பசங்களை அடிச்சாங்க" என்பதுதான் பொதுவான அபிப்பிராயமாக இருந்திருக்கும்.

நாலரை மாதம் கழித்து, 2019 மார்ச் 9. கடைசி நாள் ஆட்டங்கள். சென்னை சிட்டி 40 புள்ளி, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரி மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரி, கேரளத்தின் கோகுலம் அணி!

கேரளத்தில் வாழும் தமிழ் ரசிகனுக்கு இதைவிட வேடிக்கையான நாள் வாய்க்குமா? ஒரு கண் கோவையில், ஒரு காது கோழிக்கோட்டில். தமிழ்நாட்டு அணி கோப்பை வாங்கக் கேரள அணி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலை. கோகுலம் கோல் போட்டால் பக்கத்திலிருக்கும் மலையாளி நண்பரும் கைதட்டுவார், நம்மவரும் கைதட்டுவார். காரணம் மட்டும் வேறு.

கோவையில் ஆரம்பமே அபசகுனம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் மினர்வா முதல் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே நிலைதான். பிறகு பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அடுத்து கௌரவ் போரா என்ற அஸ்ஸாம்காரர், தடுப்பாட்டக்காரர், முன்னேறிப் போய்க் கோல் அடித்தார்.

கோழிக்கோட்டிலும் கோகுலம் 1-0 என்று முந்தி, கொஞ்ச நேரம் நம்மவர் வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் திருப்பிப் போட்டு 2-1 என்று ஜெயித்தது. அப்படியானால் கோவையில் ஜெயித்தே தீரவேண்டும். சமன் என்றால்கூடக் கோப்பை கல்கத்தாவுக்கு! கடைசியில் போராவே இன்னொரு கோலும் போட, 3-1.

சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச். எட்வின் சிட்னி வான்ஸ்பால், கோவைப் பையன் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று நம்மவர்களும் அணியில் இருந்தார்கள். மான்சி அந்த சீசனில் போட்ட கோல்கள் 21.

இப்போது அந்த அக்டோபர் மாத 4-1 ஐ நினைத்துப் பாருங்கள். அதில் அசட்டையாக ஆடி 1-1 என்று முடித்திருந்தால்? மார்ச் மாதத்துப் பரபரப்பெல்லாம் வீண். "பசங்களை அடித்ததில் என்ன பெருமை" என்று டீக்கடையில் ஒதுக்கித் தள்ளும் அந்த மூன்று புள்ளியும் கோப்பைக்குள் இருக்கிறது.

ஸ்கோர் சொல்லாத சங்கதி

இன்னொன்றும் உண்டு. பேப்பரில் ஸ்கோரை மட்டும் பார்த்து "சுலப வெற்றி" என்று முடிவு கட்டுவதும் தப்பு. 2021 மார்ச் 27-ந் தேதி, கொரோனா காலத்தில், ரசிகர்களே இல்லாத மைதானத்தில் மணிப்பூரின் டிராவ் அணியைக் கோகுலம் 4-1 என்று வென்று, ஐ-லீக் கோப்பையைப் பெற்ற முதல் கேரள அணி ஆனது. மறுநாள் பேப்பர் பார்த்தவருக்கு, ஊதித் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றும். நிஜத்தில் எழுபது நிமிடம் வரை கோகுலம் 0-1 என்று பின்தங்கிக் கிடந்தது. அப்புறம்தான் மளமளவென்று கோல்கள்.

அதோடு முடியவில்லை. கோவாவின் சர்ச்சில் பிரதர்சும் கோகுலமும் 29 புள்ளிகளில் சமமாக நின்றன. இருவரும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களை வைத்துத்தான் கோப்பை யாருக்கு என்று முடிவானது. அந்த சீசனில் சர்ச்சிலைக் கோகுலம் 3-0 என்று ஒரு தடவை வென்றிருந்தது. அப்போது அதைச் சுலப வெற்றி என்று சொல்லி மறந்தவர்கள், பிறகு விரல் விட்டு எண்ணியிருப்பார்கள்!

இந்த நகரத்துக் குமாஸ்தாக்களுக்கு இன்னொரு வகை லீக் பேச்சும் பழக்கம். ஸ்டேட் பாங்க் ஆப் திருவிதாங்கூர், டைட்டானியம், மின்சார போர்டு, கேரள போலீஸ், ஏ.ஜி. ஆபீஸ் என்று டிபார்ட்மென்ட் அணிகள் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே ரசிகர் வேறு, ஆட்டக்காரர் வேறு அல்ல. நேற்று கோல் போட்டவர் இன்று பக்கத்து மேஜையில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருப்பார். "மூணு கோல்லே ஜெயிச்சீங்களே, நாலாவதை ஏன் விட்டீங்க?" என்று கான்டீனில் முகத்துக்கு நேரே கேட்கலாம். அவரும் பதில் சொல்லியாக வேண்டும். கையில் உள்ள வடையைத் தின்றுகொண்டே சொல்வார். அந்தச் சுகம் டெலிவிஷன் ரசிகனுக்கு ஏது? திருவிதாங்கூர் பாங்க் 2017 ஏப்ரல் 1 முதல் ஸ்டேட் பாங்கோடு இணைந்துவிட்டது. பெயர்ப் பலகையோடு அந்த அணியின் பெயரும் போயிற்று. சென்னை சிட்டியும் 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை.

நம்ம டீம் எது?

ஊரை விட்டு வந்த தமிழனுக்கு இது கொஞ்சம் சங்கடமான கேள்விதான். ஆனால் கடற்கரைப் பக்கம் போனால் இந்தச் சங்கடமே கிடையாது. பொழியூர் கேரளத்தில், அடுத்த நீரோடி கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 நவம்பர் 1-ந் தேதி நடுவில் கோடு போட்டார்கள். பந்து அந்தக் கோட்டை மதித்ததே இல்லை. இரண்டு பக்க மீனவ இளைஞர்களும் ஒரே மணலில்தான் ஆடுகிறார்கள். நீரோடிக்குக் கொஞ்சம் கிழக்கே இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கல்கத்தா என்று பெரிய அணிகளில் ஆடினார்.

2024 முதல் நகரத்துக்கே சொந்தமாக ஓர் அணி உண்டு. சூப்பர் லீக் கேரளாவில் ஆடும் திருவனந்தபுரம் கொம்பன்ஸ். கொம்பன் யானைக்கு நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பெயரிலேயே பாதி தமிழ் வந்துவிட்டது! முதல் சீசனில் ஆறு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம், முதல் நான்கு அணிக்கு அரையிறுதி. கொம்பன்ஸ் அரையிறுதி வரை போய்க் கோழிக்கோட்டு அணியிடம் 1-2 என்று தோற்றது. அந்தத் தோல்வியைப் பற்றி நம்மவர்களிடம் கேட்டால் நிமிடம் நிமிடமாகச் சொல்வார்கள். அரையிறுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வெற்றிகளைக் கேட்டால்தான், "அதெல்லாம் ஜெயிச்சோம் அண்ணாச்சி, யாரை எத்தனை கோல்லேன்னு ஞாபகமில்லை" என்பார்கள்.