நேரில் கண்டவர் சொன்னால் போதுமா?
வன்னிக்குப் போன நம் உறவுகளும் 'காந்தீயம்' பற்றிய சாட்சியங்களும்



நம் லயங்களில் பல வீடுகளுக்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சொந்தம் இருக்கும். பெரியப்பா குடும்பம், மாமா குடும்பம், கட்டிக்கொடுத்த அத்தை என்று யாராவது அங்கே போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களாக இருப்பார்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ அவர்கள் வரும்போது பழைய கதைகள் கிளம்பும். "அந்த டாக்டர் ஐயா இல்லேன்னா நாங்க பட்டினியிலேயே போயிருப்போம்" என்று ஒருவர் சொல்வார். "சும்மா இரு, நம்மள கொண்டுபோயி எல்லையில இருத்தினதே அவங்கதான்" என்று இன்னொருவர் மறுப்பார்.

இருவருமே அங்கே இருந்தவர்கள்தான். அப்படியானால் கேட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வது? பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வழிகாட்டியவர்களைப் பற்றிய நேரடிச் சாட்சியங்களை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில், நடந்தது என்ன?

1977 ஜூலையில் பொதுத் தேர்தல் நடந்தது. அடுத்த மாதமே இனக்கலவரம் வெடித்தது. அதற்கு முன்னே 1973, 74 பஞ்ச காலத்திலும் தோட்டங்களில் வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாமல் பலர் வன்னிப் பக்கம் போயிருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு போனவர்கள் இன்னும் அதிகம்.

அப்படிப் போனவர்களுக்குக் கைகொடுத்த அமைப்புகளில் ஒன்று 'காந்தீயம்'. கட்டடக் கலைஞரான எஸ்.ஏ. டேவிட், வவுனியாவில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் இராஜசுந்தரம் ஆகிய இருவரும் அதை முன்னின்று நடத்தினார்கள். பாலர் பாடசாலைகள், அவற்றில் படிப்பிக்க இளம் பெண்களுக்குப் பயிற்சி, கிராமங்களில் வைத்திய உதவி, குடியேறியவர்களுக்கு விவசாயப் பண்ணை என்று வேலைகள் நடந்தன. டொலர் பண்ணை, கென்ற் பண்ணை, நாவலர் பண்ணை ஆகிய பெயர்களை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார்கள். அந்த வருடம் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களிலும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 27ஆம் திகதி கொல்லப்பட்டவர்களில் டாக்டர் இராஜசுந்தரமும் ஒருவர். டேவிட் உயிர் தப்பி மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார். செப்டெம்பர் 23ஆம் திகதி நடந்த சிறையுடைப்பில் அங்கிருந்தும் தப்பினார். பல வருடம் சென்னையில் வாழ்ந்து, 2015இல் நாடு திரும்பி, அதே வருடம் ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

ஒரே ஆள், இரண்டு விதமான சாட்சி

டேவிட் ஐயா தன் அனுபவங்களை எழுதியும் பேட்டிகளில் சொல்லியும் வைத்திருக்கிறார். கூட்டம் சிறை அறையை உடைக்க வந்தபோது இராஜசுந்தரம் முன்னே போய் அவர்களிடம் பேசிப் பார்த்தார் என்றும், அவரை வெளியே இழுத்து அடித்துக் கொன்றார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இது அவர் இருந்த இடத்தில் நடந்தது. இந்த விசயத்தில் அவர் முதல்தரச் சாட்சி.

ஆனால் அதே டேவிட் ஐயா, தூரத்துக் கிராமம் ஒன்றில் பாலர் பாடசாலை எப்படி நடந்தது என்று சொன்னால் அது வேறு விசயம். அவர் அங்கே ஒவ்வொரு நாளும் இருந்தவர் அல்ல. மற்றவர்கள் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் சொல்லியிருப்பார். அதற்காக அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. அந்த விசயத்துக்கு அந்தப் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியையும், பிள்ளையைக் கூட்டிப்போன தாயும்தான் கிட்டத்துச் சாட்சிகள்.

நமக்கு இது தெரியாத சங்கதி அல்ல. கொழுந்து மடுவத்தில் எத்தனை கிலோ நிறுத்தது என்பதை நிறுவைக்குப் பக்கத்தில் நின்றவர்தான் சொல்லலாம். மலையில் நின்றவர் கூடையின் கனத்தைச் சொல்லலாம், நிறுவையில் விழுந்த கணக்கைச் சொல்ல முடியாது. ஆகவே ஒருவரை மொத்தமாக நம்பலாமா என்று கேட்பதைவிட, இந்த ஒரு விசயத்தை இவர் எப்படி அறிந்தார் என்று கேட்பதே சரி.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இவர் அந்த இடத்தில் இருந்தாரா? கண்ணால் கண்டாரா, மற்றவர் சொல்லக் கேட்டாரா? "எல்லாரும் சொல்லுவாங்க" என்று தொடங்கினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

2. எப்போது சொன்னார்? நடந்த வாரத்தில் எழுதிய கடிதத்துக்கு ஒரு பலம் உண்டு. நாற்பது வருடம் கழித்துச் சொல்வதற்கு வேறு பலம் உண்டு. காலம் போகப் போக திகதியும் தொகையும் மாறிப்போகும். ஆனால் பயத்தால் அன்று வாய் திறக்காதவர் இன்று திறப்பதும் உண்டு.

3. யாரிடம் சொன்னார்? வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்கு எழுதும் அறிக்கையில் நல்லதுதான் கூடுதலாக இருக்கும். பொலிஸ் காவலில் வாங்கிய வாக்குமூலத்தில் அடிக்குப் பயந்து சொன்னது இருக்கலாம். நினைவு மலரில் குறை எழுத மாட்டார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடம் அறிந்து வாசிக்க வேண்டும்.

4. இதைச் சொல்வதால் அவருக்கு லாபமா, நட்டமா? தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதற்குக் கனம் அதிகம்.

5. வேறு யாராவது, இவரோடு பேசி வைத்துக்கொள்ளாமல், அதையே சொல்கிறாரா? இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே சங்கதியைச் சொன்னால் அது உறுதிப்படும். ஒருவர் சொன்னதையே பத்துப் பேர் திருப்பிச் சொன்னால் அது ஒரு சாட்சிதான், பத்து அல்ல.

புகழ்ச்சிக்கும் பழிக்கும் நடுவில்

அரசாங்கத் தரப்பு காந்தீயத்தை ஆயுத இயக்கங்களோடு தொடர்புள்ளது என்று குற்றஞ்சாட்டியது. காந்தீயத்தை நேசித்தவர்கள் அது முழுக்க முழுக்கத் தொண்டு மட்டுமே என்றார்கள். விசாரித்தால், காந்தீயத்தில் வேலை செய்த சந்ததியார் புளொட் இயக்கத்தில் முக்கியமானவராகவும் இருந்தார் என்பது தெரிகிறது. இதைச் சொல்வதால் பாலர் பாடசாலையில் எழுத்துப் படித்த பிள்ளைகளின் கதை பொய்யாகிவிடாது. தொண்டு செய்தவர்களை விசாரணையில்லாமல் அடைத்ததும், சிறைக்குள் கொன்றதும் நியாயமாகிவிடாது. ஆனால் இதை மறைத்தால் கதை முழுமையாகாது.

நம் சொந்தங்கள் சொல்லும் மனக்குறையும் அப்படித்தான். எல்லையோரத்தில் குடியிருந்ததால் ஆபத்து முதலில் மலையகத்திலிருந்து போனவர்களின் தலையில் விழுந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அங்கேயும் 'தோட்டக்காட்டான்' என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டோம் என்பவர்களும் உண்டு. உதவி பெற்றவர் நன்றியோடு மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டமில்லை. நன்றியும் மனக்குறையும் ஒரே வாயில் இருப்பதுதான் உண்மைச் சாட்சியத்தின் லட்சணம்.

ஒரு பெயர், இரண்டு துக்கம்

டொலர், கென்ற் பண்ணைகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அந்த இடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியேற்றப்பட்டார்கள். 1984 நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் தாக்கி, பெண்கள் பிள்ளைகள் உட்பட அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள்.

இன்று 'டொலர் பண்ணை' என்றால் ஒரு தமிழ்ப் பாட்டிக்குத் தன் நட்ட மரமும் விட்டு வந்த வீடும் ஞாபகம் வரும். ஒரு சிங்களத் தாய்க்குச் செத்துப்போன பிள்ளை ஞாபகம் வரும். இரண்டும் உண்மை. ஒருவர் தன் துக்கத்தைச் சொல்வது மற்றவர் துக்கத்துக்கு மறுப்பு ஆகாது.

இது நமக்கு இன்று எதற்கு?

பழங்கதைக்கு மட்டும் அல்ல. இன்றும் லயத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். "பிள்ளையை அனுப்புங்க, கொழும்புல படிக்க வைக்கிறோம், வேலை தேடித் தாறோம்" என்கிறார்கள். "போன வருசம் இன்ன வீட்டுப் பிள்ளைக்கும் நாங்கதான் செஞ்சோம்" என்று சாட்சியும் சொல்வார்கள். அப்போது இதே ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் தாயிடம் நீங்களே நேரில் பேசுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளையோடும், கூட்டிப்போனவர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். படம், கடிதம் காட்டினால் அது எப்போது எடுத்தது, யார் எழுதியது என்று கேளுங்கள். நல்ல மனதோடு உதவுபவர் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார். பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.

பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்

வன்னிக்குப் போய் வந்தவர்களில் பலருக்கு இன்று வயது எழுபதைத் தாண்டிவிட்டது. படிக்கும் பிள்ளைகள் ஒரு கொப்பி எடுத்து அவர்கள் சொல்வதை எழுதலாம். "எந்த வருசம்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததுக்கு முன்னாலயா பின்னாலயா? பெரியக்கா பிறந்திருந்தாங்களா?" என்று கேட்டால் கணக்குச் சரியாக வரும். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். கண்டது ஒரு பக்கம், கேட்டது மறுபக்கம் என்று பிரித்து எழுதுங்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதையும் மேலே குறியுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் போடாதீர்கள். பழைய அட்டை, கடிதம், படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். விசாரிப்பது என்றால் பெரியவர்களைச் சந்தேகிப்பது என்று அர்த்தமல்ல. நமக்கு நல்லது செய்தவரின் பெயர் பொய்யால் பெருகவும் கூடாது, பழியால் அழியவும் கூடாது. அதற்கு, கேட்டு எழுதிய அந்தக் கொப்பி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.