இருக்குமிடம் சொல்லும் வில்லை

நுழையும்முன்

நடுக்கடலில் செல்லும் கப்பலின் இருப்பிடத்தைக் கரையில் இருந்தபடியே அறிந்துகொள்ளும் காலம் இது. ஆனால், மருத்துவமனையின் அடுத்த தளத்தில் பணியாற்றும் செவிலியர் இப்போது எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டால், விடை கிடைக்கத் தாமதமாகிறது. அத்தாமதத்தைக் குறைக்க வந்த தொழில்நுட்பத்தையும் அது எழுப்பும் கேள்விகளையும் விளக்குகிறது இப்பாடம்.

நள்ளிரவு நேரம். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆறாம் தளம். நோயாளி ஒருவருக்கு மருந்தைத் துல்லியமாக அளந்து இரத்தக்குழாயில் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்ப் உடனடியாகத் தேவைப்படுகிறது. அத்தளத்தில் இரண்டு பம்புகள் உள்ளதாகப் பதிவேடு கூறுகிறது. ஒன்று மாலையிலேயே அறுவை அரங்குக்குச் சென்றுவிட்டது. மற்றொன்றை யார் எடுத்துச் சென்றார்கள் என்பது தெரியவில்லை. செவிலியர் தளம் தளமாகத் தேடுகிறார். அவர் தேடும் நேரமெல்லாம் பிற நோயாளிகளின் அருகில் அவர் இல்லாத நேரம்.

பம்புக்காகச் சற்றுக் காத்திருக்கலாம். இதயத்துடிப்பு திடீரெனச் சீர்குலைந்து சுருண்டு விழுந்தவர் காத்திருக்க இயலாது. நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய ஆளில்லாத நிலையில், மின்னதிர்ச்சி தரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. ஆகவே, மருத்துவமனையில் 'எங்கே?' என்பது உயிர் தொடர்பான கேள்வியாகிறது.

கூரையைத் தாண்டாத செய்தி

கையிலுள்ள திறன்பேசியே ஊரையும் தெருவையும் காட்டும்போது, தனியாக ஒரு தொழில்நுட்பம் எதற்கு? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலைகள் தரையை அடையும்போது மிகவும் மெலிந்திருக்கும். கற்காரைக் கூரையும் சுவர்களும் அவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். தப்பி வருபவற்றைக் கொண்டு, ஒருவர் மூன்றாம் தளத்தில் இருக்கிறாரா நான்காம் தளத்தில் இருக்கிறாரா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே, கட்டடம் தனக்கென இடங்காட்டிகளை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆளும் கருவியும் ஒரு சிறு வில்லையைத் தாங்கியிருக்கும். கூரையிலுள்ள ஏற்பிகள் அதன் குறிப்பலையைப் பெற்றுக் கணினிக்கு அனுப்பும். கணினி அதனைக் கட்டட வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

இம்முறைக்கு முன்னோடி மருத்துவமனையில் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வாண்ட், ஆண்டி ஹாப்பர் உள்ளிட்டோர் 1989ஆம் ஆண்டுக்கும் 1992ஆம் ஆண்டுக்கும் இடையே அதனை உருவாக்கினர். மார்பில் அணிந்த வில்லை 15 நொடிகளுக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரால் தன் அடையாளத்தைச் சொல்லும். நோக்கம் எளியது: ஒருவருக்கு வரும் தொலைபேசி அழைப்பை அவருக்கு அருகிலுள்ள தொலைபேசிக்குத் திருப்பிவிடுவது.

அகச்சிவப்புக் கதிர் சுவரை ஊடுருவாது. குறைபாடு போலத் தோன்றும் இப்பண்பே மருத்துவமனைக்கு வாய்ப்பாக அமைந்தது. ஓர் அறையின் ஏற்பிக்குக் கதிர் கிடைத்தால், வில்லை அந்த அறைக்குள்தான் இருக்கிறது. புளூடூத் அலையோ சுவரைத் தாண்டும். அதன் வலிமையைக் கொண்டு தொலைவை மதிப்பிடுவர். ஆனால், இடையில் நிற்கும் மனித உடலும் இரும்புக் கட்டிலும் அவ்வலிமையை மாற்றிவிடுவதால் கணக்கு சில மீட்டர் பிசகும். திறந்தவெளியில் அது சிறு பிழை. நோயாளிகளின் அறைகள் அடுத்தடுத்து அமைந்த இடத்தில் அது தவறான அறை. அல்ட்ரா வைட்பேண்ட் என்னும் முறை, அலை வந்துசேரும் நேரத்தை அளக்கிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் வானொலி அலை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். அத்தனை நுண்ணிய நேரத்தை அளப்பதால் இம்முறை மிகத் துல்லியமானது, செலவும் கூடுதலே.

ஒரு பொத்தானின் தேவை

2024 ஆகஸ்ட் மாதம் கொல்கத்தாவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையொன்றில், பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். நாடெங்கும் மருத்துவர்கள் போராடினர். மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பை ஆராய உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் நடந்தபின் சட்டம் தண்டிக்கும். நடக்கும் அந்த நிமிடத்தில் உதவிக்கு ஆள் வர வேண்டுமே!

சுவரில் பதித்த அவசரப் பொத்தான் பல மருத்துவமனைகளில் உண்டு. அச்சுறுத்துபவர் அதற்கும் செவிலியருக்கும் இடையில் நின்றுவிட்டால் அதனால் பயனில்லை. அணிந்திருக்கும் வில்லையிலேயே பொத்தான் இருந்தால், ஓசையின்றி அழுத்தலாம். யார், எந்தத் தளம், எந்த அறை என்னும் மூன்றும் காவலர் அறைத் திரையில் ஒருசேரத் தோன்றும். அவர் தாழ்வாரத்துக்கு ஓடினால் புள்ளியும் உடன் நகரும். வாய்திறந்து இடத்தைச் சொல்ல இயலாத நேரத்தில் வில்லை அதனைச் சொல்லிவிடுகிறது.

பச்சிளங்குழந்தையின் கணுக்காலில் கட்டும் வில்லையும் இவ்வாறே செயல்படுகிறது. உரிய அனுமதியின்றிக் குழந்தை வாயிலை நெருங்கினால் மணி ஒலிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும். நினைவிழப்பு நோயுற்ற முதியவர் வழிதவறி வெளியேறுவதையும் இதே ஏற்பாடு தடுக்கும்.

பார்க்கப்படுபவரின் கேள்வி

ஆபத்தில் உதவும் அதே பதிவு, ஒரு செவிலியர் ஓய்வறையில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதையும் சொல்லும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களே 1992ஆம் ஆண்டுக் கட்டுரையில் தனியுரிமைச் சிக்கலைப் பேசியிருந்தனர். தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தனிநபர் எண்மத் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இக்கேள்வியைப் பணியாளரின் பிடிவாதம் என்று நிருவாகம் ஒதுக்கிவிடலாகாது. வேவு பார்க்கும் பொருள் என்று தோன்றினால் வில்லை மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஆபத்து வரும் நாளில் திரை அந்த இழுப்பறையைத்தான் காட்டும். பொத்தானை அழுத்தும்வரை இடத்தைப் பதியாத வில்லைகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஓய்வறையில் ஏற்பி வைக்காதிருப்பது மற்றொரு வழி. எந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், அதனை யார் பார்க்கலாம் என்பவற்றைப் பணியாளருடன் பேசி முன்னரே எழுதிவைப்பது இவ்விரண்டினும் இன்றியமையாதது.

அதன்பிறகு எஞ்சுவது பராமரிப்பு. மின்கலம் தீர்ந்த வில்லை வெறும் நெகிழித் துண்டு. ஆகவே படிக்கட்டு, மின்தூக்கி, கிடங்கு என ஒவ்வோர் இடத்திலும் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். எக்ஸ் கதிர் அறையின் சுவர்களில் ஈயத்தகடு பதித்திருப்பதால் வானொலி அலை எளிதில் வெளியே வராது. அங்கே அறைக்குள்ளேயே தனி ஏற்பி ஒன்றைப் பொருத்துவர்.