விமானங்கள் திரளாக இரத்தாவது ஏன்?

கல்முனையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் செல்வோர் முதல் நாளே புறப்பட்டுவிடுவது வழக்கமாகும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என எவ்வூரவராயினும் இதுவே நிலை. ஏழெட்டு மணித்தியாலப் பயணம், வாடகைக்கு அமர்த்திய வேன், வழியனுப்ப உடன்வரும் உறவினர்கள் என ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவு விமானத்தில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பமாகிவிடுகின்றது. விமான நிலைய அறிவிப்புப் பலகையில் 'இரத்து' என்ற சொல் தோன்றுமாயின் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ வசிப்பவர் வீடு திரும்பி மறுநாள் வரலாம். கிழக்குக் கரையோரத்தவருக்கு அது இயலாத காரியம். விடுமுறையில் வந்தவர் குறித்த திகதியில் கட்டாருக்கோ சவூதிக்கோ திரும்பாவிடின் தொழிலை இழக்கலாம், வீசா காலாவதியாகலாம். உம்றாவுக்குச் செல்லும் குழுவின் மக்கா விடுதிப் பதிவு வீணாகலாம். வாப்பாவின் ஜனாஸாவுக்காக அவசரமாக வரும் மகனுக்கோ ஒரு நாள் தாமதம் என்பது இனி ஒருபோதும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

இத்தகைய வேளைகளில் பயணிகளுக்குக் கூறப்படும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சீரற்ற காலநிலை. மற்றையது, தொழில்நுட்பக் கோளாறு. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆயினும் ஒரு விமானத்தில் ஏற்பட்ட கோளாறு பத்து விமானங்களை நிறுத்துவது ஏன், ஒரு நாள் பெய்த மழை ஒரு வாரப் பயணங்களைக் குழப்புவது ஏன் என்ற வினாக்களுக்கு அவை விடையளிப்பதில்லை. விடை வேறோரிடத்தில் உள்ளது. விமான சேவைகள் தம்மிடம் இருக்க வேண்டிய மேலதிக இருப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்திருப்பதே திரளான இரத்துகளின் மூல காரணமாகும்.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு விமானத்தின் ஒரு நாளை நோக்குவோம். குறுந்தூரச் சேவையிலுள்ள ஒரு விமானம் ஒரே நாளில் நான்கு, ஐந்து பயணங்களை மேற்கொள்கின்றது. அதிகாலையில் சென்னை சென்று திரும்பி, நண்பகலில் மாலைதீவு சென்று திரும்பி, இரவில் வளைகுடாவுக்குப் புறப்படுவதாக அதன் அட்டவணை அமையலாம். காலையில் மூன்று மணித்தியாலம் தாமதித்தால் அத்தாமதம் அன்றைய எல்லாப் பயணங்களையும் பின்தொடரும். விமானிகளும் பணியாளர்களும் ஒரு நாளில் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் பணியாற்றலாகாது என்பது சட்டம். தாமதத்தினால் அந்த எல்லை கடந்துவிட்டால், விமானம் தயாராக நின்றாலும் அதனைச் செலுத்த ஆளில்லை. மாற்று விமானமும் மாற்று விமானிகளும் இருந்தால் சங்கிலி அந்த இடத்திலேயே அறுக்கப்படும். இல்லையேல் மறுநாளுக்கும் நீளும்.

இயற்கையும் அரசியலும் விளைவிக்கும் தடைகளை எவராலும் முற்றாகத் தவிர்க்க முடியாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்பரப்பை மூடியபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் பயணங்கள் இரத்தாகின. 2024 ஏப்ரல் 16 ஆம் திகதி டுபாயில் வரலாறு காணாத மழை பெய்து ஓடுபாதைகள் வெள்ளத்தில் மூழ்கியபோது ஆயிரத்துக்கும் அதிகமான பயணங்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஜூன் 23 ஆம் திகதி கட்டார் தனது வான்பரப்பைச் சில மணித்தியாலங்கள் மூடிய வேளையில், டோஹா ஊடாகப் பயணம் செய்த பல்லாயிரக்கணக்கானோர் இடைவழியில் சிக்குண்டனர். ஆனால் இடர் ஒன்றாயினும் எல்லா விமான சேவைகளும் ஒரே வகையில் பாதிக்கப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2022 டிசம்பரில் அமெரிக்காவைத் தாக்கிய குளிர்காலப் புயல் இதற்குச் சிறந்த உதாரணமாகும். ஏனைய நிறுவனங்கள் சில நாட்களில் வழமைக்குத் திரும்பின. சவுத்வெஸ்ட் நிறுவனமோ ஏறத்தாழ 17,000 பயணங்களை இரத்துச் செய்தது. எந்த விமானி எந்த நகரில் நிற்கின்றார் என்பதைக் கண்டறிந்து மீண்டும் பணிக்கு அமர்த்த அதன் பழைய கணினி முறையால் இயலவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2023 இல் அந்நிறுவனத்துக்கு 140 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருட் கோளாறு உலகெங்கும் கணினிகளை முடக்கியபோதும் இதே கதைதான். பல நிறுவனங்கள் விரைவில் மீண்டெழ, டெல்டா நிறுவனம் மாத்திரம் சுமார் 7,000 பயணங்களை இழந்தது.

நமது அயலிலும் அண்மையில் இதனைக் கண்டோம். இந்தியாவின் உள்நாட்டு விமானப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கும் அதிகமானோரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ நிறுவனம், 2025 டிசம்பர் 5 ஆம் திகதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான பயணங்களை இரத்துச் செய்தது. அன்று புயலும் இல்லை, போரும் இல்லை. விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவு நேரத் தரையிறக்கங்களையும் மட்டுப்படுத்திய புதிய விதிகள் நவம்பர் முதலாம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தன. இவ்விதிகள் வரப்போவது 2024 ஆம் ஆண்டிலிருந்தே தெரிந்த விடயம். எனினும் அதற்கேற்ற விமானிகள் ஆயத்தமாக இருக்கவில்லை. முடிவில் அரசாங்கம் விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியதுடன், ஏனைய நிறுவனங்களின் கட்டணங்கள் உயர்ந்தமையால் அவற்றுக்கு உச்சவரம்பும் விதிக்க நேர்ந்தது. விமானியின் களைப்பு பயணியின் உயிருடன் தொடர்புடையது என்பதால் ஓய்வு விதியைக் குறைகூற இயலாது. மேலதிக ஆட்களை வைத்திருக்காத சிக்கனமே அங்கு குற்றவாளியாகும்.

அவ்வாறாயின் விமான நிறுவனங்கள் மேலதிக இருப்பை ஏன் வைத்திருப்பதில்லை? இத்தொழிலின் இலாபம் அவ்வளவு மெலிந்தது என்பதே இதற்கான பதில். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2025 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக விமான சேவைகள் ஒரு பயணியிடமிருந்து பெறும் தேறிய இலாபம் சராசரியாக 7.20 டொலர் மாத்திரமே. நூறு டொலர் வருமானத்தில் நான்கு டொலர் கூட மிஞ்சுவதில்லை. கடையில் விற்காத துணியை நாளை விற்கலாம். பறந்துவிட்ட விமானத்தின் வெற்று ஆசனத்தை என்றுமே விற்க முடியாது. செலவில் நான்கில் ஒரு பங்கையோ அதற்கு மேலாகவோ எரிபொருள் விழுங்குகின்றது. இந்நிலையில் ஒரு விமானத்தைச் சும்மா நிறுத்தி வைப்பது கணக்காளரின் பார்வையில் வீண்செலவாகவே தோன்றும். அது வீண்செலவன்று, காப்புறுதி என்பது இடர் வந்த பின்னரே புலப்படும்.

அண்மைக் காலமாக என்ஜின் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டுள்ளது. புதிய தலைமுறை என்ஜின்கள் எரிபொருளைச் சிக்கனப்படுத்தினாலும் எதிர்பார்த்ததை விட விரைவில் பழுதுபார்ப்பை வேண்டி நிற்கின்றன. திருத்தும் நிலையங்களில் நெடுநாள் காத்திருக்க வேண்டியுள்ளது. இந்தியாவின் கோ பெர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதத்தில் வங்குரோத்து நிலையை அறிவித்தபோது, பிராட் அன்ட் விட்னி என்ஜின்கள் பழுதடைந்து தனது விமானங்கள் தரித்து நின்றமையையே காரணமாகக் கூறியது. அதற்கு முன் 2012 இல் கிங்பிஷரும் 2019 ஏப்ரலில் ஜெட் எயார்வேஸும் பறப்பதை நிறுத்தின. விமான நிறுவனம் ஒன்று வீழும்போது முற்பணம் செலுத்தி ஆசனம் பதிந்த பயணிகள் கடன்காரர் வரிசையின் கடைசியிலேயே நிற்கின்றனர்.

இனி நமது தேசிய விமான சேவைக்கு வருவோம். 1979 இல் எயார் லங்கா என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்ட நிறுவனம், 1998 இல் எமிரேட்ஸ் நிறுவனம் பங்குதாரராகி முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்ற பின்னர் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஆனது. 2001 ஜூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்கவில் நடைபெற்ற தாக்குதலில் அதன் பன்னிரண்டு விமானங்களில் அரைவாசி அழிந்தன அல்லது சேதமடைந்தன. அப்பேரிடரிலிருந்தும் அது மீண்டது. ஆனால் 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதி தரப்பினருக்காகப் பணம் செலுத்திய பயணிகள் 35 பேரை இறக்க நிறுவனம் மறுத்ததைத் தொடர்ந்து, அதன் பிரதம நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வீசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 இல் எமிரேட்ஸின் முகாமைத்துவ ஒப்பந்தம் முடிவுற்றது. அதன் பின்னர் பெரும்பாலான ஆண்டுகள் நட்டத்திலேயே கழிந்தன.

2013 இல் மத்தள விமான நிலையம் திறக்கப்பட்டபோது பயணிகள் இல்லாத அந்நிலையத்துக்கும் தேசிய சேவை பறக்க நேர்ந்தது. 2015 இல் அது கைவிடப்பட்டது. அரசாங்கம் 2007 இல் ஆரம்பித்த மிஹின் லங்காவின் சுமை 2016 இல் இந்நிறுவனத்தின் தோளில் இறங்கியது. எயார்பஸ் ஏ350 விமானங்களுக்கான உடன்பாடு 2016 இல் இரத்துச் செய்யப்பட்டமையால் பெருந்தொகை நட்டஈடு செலுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் எயார்பஸ் நிறுவனம் பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் செய்துகொண்ட இலஞ்சக் குற்றச்சாட்டுத் தீர்வில் இலங்கைக் கொள்வனவும் இடம்பெற்றிருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் விமான எரிபொருள் தட்டுப்பட, நமது விமானங்கள் சென்னையிலும் கேரளாவிலும் இறங்கி எரிபொருள் நிரப்பின. 2023 மார்ச் முடிவில் திரண்ட நட்டம் 1.8 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. அரசாங்கம் பிணைநின்ற 175 மில்லியன் டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது அதனை மீளச் செலுத்தவும் இயலவில்லை.

இந்தக் கணக்குகளுக்கும் நமது வேன் பயணத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். 2024 பெப்ரவரியில் லாஹூரிலிருந்து வந்த ஒரு விமானத்தில் எலியொன்று காணப்பட்டது. அது வயர்களைக் கடித்திருக்கலாம் என்ற அச்சத்தில் அவ்விமானம் மூன்று நாட்கள் தரித்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பின் பொருட்டு அது சரியான முடிவே. ஆனால் அவ்வேளையில் நிறுவனத்திடம் இருந்தவை இருபத்து மூன்று விமானங்களே. அவற்றில் மூன்று, என்ஜின்களைத் திருத்தப் போதிய அந்நியச் செலாவணியின்றி ஓராண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தன. எனவே ஓர் எலியின் பொருட்டு ஏனைய பயணங்களின் அட்டவணையும் குழம்பிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 செப்டம்பர் இறுதியிலும் விமானப் பற்றாக்குறையால் தாமதங்களும் இரத்துகளும் தொடர்ந்தன. மத்தளவிலும் எயார்பஸ் உடன்பாட்டிலும் கரைந்த பணமே கட்டுநாயக்கவில் இல்லாமற்போன மாற்று விமானம் எனின் அது மிகையன்று.

தனியாருக்கு விற்பதா, அரசாங்கமே வைத்திருப்பதா என்ற விவாதம் நீண்டகாலமாக உள்ளது. 2024 இறுதியில் புதிய அரசாங்கம் விற்பனை முயற்சியைக் கைவிட்டது. ஆனால் மேலே கண்ட சவுத்வெஸ்ட், இண்டிகோ, ஜெட் எயார்வேஸ் யாவும் தனியார் நிறுவனங்களே. ஆகவே உரிமையாளர் யார் என்பதை விட, பறக்கும் இடத்தையும் வாங்கும் விமானத்தையும் தீர்மானிப்பது யார், மேலதிக இருப்புக்குப் பணம் ஒதுக்கப்படுகின்றதா என்பவையே முக்கியமான கேள்விகளாகும்.

இதற்கிடையில் பயணிகள் சில விடயங்களில் விழிப்பாக இருப்பது அவசியம். நமது பகுதியில் பலர் முகவர் மூலமே பயணச்சீட்டுப் பெறுகின்றனர். பதிவில் முகவரின் தொலைபேசி இலக்கமே இருப்பின், இரத்துச் செய்தி பயணியை வந்தடையாது. எனவே தமது சொந்த இலக்கம் பதியப்பட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரு விமானங்கள் மாறிச் செல்வோர் இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் பெறுவது நல்லது. தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதித்ததற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. வீசா முடியும் கடைசி நாளில் பயணம் வைக்கலாகாது. இரத்தானால் அதற்கான எழுத்து மூல உறுதிப்படுத்தலைக் கேட்டுப் பெற வேண்டும். தொழில் வழங்குநரிடம் காட்ட அதுவே சான்று. மாற்று விமானம் தேவைப்படுவோர், பணத்தை மீளப் பெறச் சம்மதித்துக் கையொப்பமிட்டால் அவ்வுரிமையை இழக்கலாம் என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டின் விதிகளின் மூலம், உரிய முன்னறிவித்தலின்றி இரத்தாகும் பயணத்துக்கு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு வழங்கச் செய்துள்ளது. சவூதி அரேபியாவும் 2023 நவம்பரில் பயணிகளின் உரிமைகளை வலுப்படுத்தும் விதிகளை நடைமுறைப்படுத்தியது. இரத்துச் செய்வதற்கு விலை உண்டு என்ற நிலை இருந்தாலன்றி, மேலதிக விமானியையும் மாற்று என்ஜினையும் வைத்திருக்க எந்த நிறுவனமும் முன்வராது. இலங்கையிலும் உணவு, தங்குமிடம், மாற்றுப் பயணம் ஆகியவற்றுடன் தூர மாவட்டப் பயணிகளின் தரைவழிச் செலவையும் கருத்திற் கொள்ளும் தெளிவான விதிகள் அவசியம். வளைகுடாவிலிருந்து வரும் உழைப்பாளரின் பணம் நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்கி நிற்கின்றது. அந்த உழைப்பாளர் விமான நிலையத் தரையில் பெட்டியில் தலைசாய்த்து இரவைக் கழிப்பதை, விதி என்று சொல்லி விட்டுவிடுதல் நியாயமாகாது.