கரும்பை அழிக்கும் பங்கசு

இந்தியாவின் உத்தரப் பிரதேசக் கரும்புச் செய்கையாளர்களைச் செவ்வழுகல் நோய் கலங்கச் செய்துள்ளது. 2009இல் வெளியிடப்பட்ட ‘கோ 0238’ இனம் (‘கோ’ என்பது 1912இல் கரும்பு இனவிருத்தி நிலையம் அமைந்த கோயம்புத்தூரைக் குறிக்கும்) விளைச்சலிலும் சீனிச்சத்திலும் சிறந்திருந்தமையால், சுமார் பத்தாண்டுகளில் அம்மாநிலக் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தது. தொடக்கத்தில் அது நோயைத் தாங்கி நின்றது. பின்னர் பங்கசின் புதிய வகையொன்று அத்தடுப்பை முறியடித்தது. கரும்பு கரணையிலிருந்தே வளர்க்கப்படுவதால் ஓரினத்தின் தண்டுகள் யாவும் ஒரே மரபுடையவை. நோயுற்ற கரணையோடு பங்கசும் அடுத்த வயலுக்குச் செல்கின்றது. தண்டினுள் புகுந்ததை மருந்து தெளித்து அகற்றுவது மிகக் கடினம். மாற்று இனமொன்றை உருவாக்கவோ பத்தாண்டுகளுக்கு மேலாகும். எனவே, இனத்தை மாற்றுமாறு விவசாயிக்கு உபதேசிப்பது மட்டும் போதாது. நோயற்ற கரணைகளைப் போதியளவில் வழங்குவதும் அரசின் பொறுப்பு என்றே நாம் கருதுகின்றோம்.